காத்திருந்த துறைமுகமும் கட்டிய துறைமுகமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1990களின் நடுப்பகுதியில் இங்கு உயர்தரம் படித்துப் பின்னர் வைத்தியர்களான சிலரின் சார்பில் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. ஆகவே இந்த உரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் அது ஒருவருடைய கதை அல்ல. ஒரே வகுப்பில் இருந்து, ஒரே மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் படித்து, இன்று வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற, இடைக்கிடை தொலைபேசியில் பேசிக்கொள்கிற சிலரின் பொதுவான எண்ணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் கூட்டங்களுக்கு எங்களை அழைப்பார்கள். எந்தப் பாடசாலைக்குப் போனாலும் தவறாமல் ஒரு கேள்வி வரும். "டொக்டராக வரவேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு எப்ப வந்தது மிஸ்? என்ன நடந்தது?"

அந்த 'என்ன நடந்தது' என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று பிள்ளை எதிர்பார்க்கிறாள். வீட்டில் ஒரு சாவு, ஒரு விபத்து, தெய்வாதீனமாக உயிர் தப்பிய ஒரு நாள். உண்மையான பதிலைச் சொன்னால் அவளுடைய முகம் வாடிவிடுகிறது. உண்மை இதுதான்: ஒன்றும் நடக்கவில்லை. உயிரியல் பிடித்தது. ஓரளவு புள்ளியும் வந்தது. விண்ணப்பப் படிவம் வந்ததும் நிரப்பினோம், முடிவுத் திகதிக்கு முதல் தபாலில் போட்டோம்.

இப்படியான ஒரு கூட்டம் முடிந்த பிறகு ஒரு பிள்ளை தனியே வந்து சொன்னாள்: "எனக்கு அப்பிடிப் பெரிசா ஒண்டும் நடக்கேல்லை மிஸ். அதாலைதான் எனக்கு இலட்சியம் எண்டு ஒண்டும் இல்லைப் போல." மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு எடுக்கக்கூடிய பிள்ளை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் அவள் சொன்ன அதே வசனத்தை, வேறு சொற்களில், நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய மாணவிகளும் எங்களிடையே இருக்கிறார்கள்.

இந்த எண்ணம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த கதைகளிலிருந்து வருகிறது. காலைக் கூட்டங்களில் பெரியோர்களின் வாழ்க்கையைச் சொல்வோம். வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1890களில், நோயுற்ற தாயைப் பார்ப்பதற்காக அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்த இளம்பெண் அவர். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் வைத்தியர்தான். ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த இரவு ஐடாவை வைத்தியராக்கியது.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை நிறுவிய டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதையையும் இதே அச்சில்தான் சொல்வோம். தங்கை புற்றுநோயால் இறந்தார், அந்தத் துயரத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது என்போம்.

இரண்டு கதைகளும் உண்மை. ஆனால் திகதிகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு மாதிரித் தெரிகின்றன.

முத்துலட்சுமி 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெரிய பிள்ளையானதும் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டிலிருந்தே படித்தார். பிறகு புதுக்கோட்டை மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி அது. எதிர்ப்பு எழுந்தது, மன்னர் அனுமதி கொடுத்தார், சேர்ந்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் போனார். 1912 இல் பட்டம் பெற்றார். 1927 இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். தங்கையின் மரணம் 1920களின் தொடக்கத்தில் நேர்ந்தது. அதாவது, அந்தத் துயரம் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் வைத்தியராகிவிட்டார். கல்லூரிக் கதவைத் தட்டிய பதின்வயதுப் பெண்ணிடம், தட்டுவதற்குக் காரணமாகக் காட்ட ஒரு சாவும் இருக்கவில்லை. படிக்க ஆசை இருந்தது. விண்ணப்பம் எழுதினார். அவ்வளவுதான்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். தங்கை இறந்தபின் புற்றுநோய் நிலையம் எப்போது திறக்கப்பட்டது? அடிக்கல் நாட்டப்பட்டது 1952 இல். திறக்கப்பட்டது 1954 இல், 12 கட்டில்களுடன். இடையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள். துயரம் ஒரு நாளில் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை கூட்டங்கள், மனுக்கள், மறுப்புகள், நிதி சேர்ப்புகள். திறப்பு விழா நடந்தபோது அம்மையாருக்கு 67 வயது.

வேலூர்க் கதையும் அப்படித்தான். அந்த இரவுக்குப் பிறகு ஐடா அமெரிக்கா போய் 1899 இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902 இல் ஓர் ஆஸ்பத்திரி, 1909 இல் தாதியர் பயிற்சி, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை. இங்கே நாங்கள் வழமையாகக் கேட்க மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு. 1918 இல் அந்தப் பாடசாலையில் சேர்ந்த முதல் மாணவியர் யார்? அவர்கள் ஒவ்வொருவருடைய வீட்டுக் கதவையும் யாராவது நள்ளிரவில் மூன்று தரம் தட்டினார்களா? கதவு தட்டப்பட்டது ஐடாவுக்கு. மற்றப் பெண்கள் பாடசாலை திறக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தவர்கள். ஆனாலும் அவர்களும் வைத்தியர்களானார்கள். பிள்ளைகளுக்கு ஐடாவின் கதையைச் சொல்லும்போது அந்த மாணவியரின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்களில் பெரும்பாலானோர் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கி ஒரு வருடத்தில், 1955 இல், டொக்டர் வி. சாந்தா அங்கு சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. அரச சேவைப் பரீட்சையில் தேறி, பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நியமனமும் கிடைத்திருந்தது. உறுதியான சம்பளம், மதிப்பான உத்தியோகம். அதை விட்டுவிட்டு, எதிர்காலம் என்னவென்று தெரியாத ஒரு 12 கட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனார். தெரிந்தவர்கள் பலருக்கு அது விளங்கவில்லை. அவர் அங்கேயே தங்கி, 2021 இல் மறையும்வரை அந்த நிலையத்துக்காகவே உழைத்தார். செய்ய வேண்டிய வேலை ஒன்று கண்முன் இருந்தது, அதைத் தெரிவு செய்தார். துணிவான தொழில் முடிவு என்பது அநேகமாக இப்படித்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதில் கதையாகச் சொல்ல ஒன்றும் இராது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். பெரிய நிகழ்வுகள்தான் மனிதரை உயர்த்தும் என்றால், திருகோணமலையில் பிறந்த ஒவ்வொரு பெண்ணும் உலகப் புகழ் பெற்றிருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு நிகழ்வுகள் குறைவா? 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அப்போது ஊரைவிட்டு ஓடிய கதையை எங்கள் அம்மம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியபோது, டொக்யாட் வேலையை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு எரிவதே கேள்வியானது. 1964 டிசம்பரில் சூறாவளி வந்தது. 1983 இலிருந்து 2009 வரை நடந்ததை இந்த மண்டபத்தில் விவரிக்கத் தேவையில்லை. அதன் நடுவில் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடலும் வந்தது.

இந்த நிகழ்வுகள் எங்களுக்கு என்ன செய்தன? சிலரை உறுதியாக்கியது உண்மை. ஆனால் பெரும்பாலும் அவை கதவுகளை மூடின. 1990 இல் எங்கள் வகுப்பில் எத்தனையோ கதிரைகள் வெறுமையாயின. சிலர் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். சிலர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. எங்களைவிடக் கெட்டிக்காரிகள் அவர்களில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து 'நீங்கள் ஏன் துணியவில்லை' என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. தடை வேறு, காத்திருப்பு வேறு. தடை வெளியிலிருந்து வருவது. அதற்கு அந்தப் பெண் பொறுப்பல்ல. வழி திறந்திருக்கும்போதும் ஓர் அடையாளத்துக்காக வாசலில் நின்றுகொண்டிருப்பது காத்திருப்பு. எங்கள் துயரம் என்னவென்றால், நீண்ட காலம் தடைகளோடு வாழ்ந்ததால், தடை விலகிய பிறகும் காத்திருப்பு எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

"பிரச்சினை முடியட்டும் பிள்ளை, பிறகு பாப்பம்" என்று எங்கள் அம்மாமார் சொன்னார்கள். அன்று அதில் நியாயம் இருந்தது. பிரச்சினை முடிந்தது. பிறகு, "கலியாணம் முடியட்டும்." கலியாணம் முடிந்தது. "பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகட்டும்." பிறகு, "பிள்ளையின்ரை ஸ்கொலசிப் முடியட்டும்." பிறகு, "மாமி சுகப்படட்டும்." ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 20 வருடங்கள்.

எங்கள் துறைமுகத்தையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். திருகோணமலைத் துறைமுகம் உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நாலாம் வகுப்பிலிருந்தே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆழம் உண்டு. நாற்புறமும் மலையும் தரையும் காத்து நிற்பதால் உட்துறைமுகத்தில் எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் பாதுகாப்பாக நிற்கலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காக அடிபட்டார்கள்.

கொழும்பு அப்படியல்ல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே கப்பல்கள் திறந்த கடலில் ஆடிக்கொண்டு நின்றன. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தபோது, ஒழுங்கான துறைமுகம் என்று சொல்ல அங்கு ஒன்றும் இருக்கவில்லை. 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார்கள். கல்லாகக் கடலில் இறக்கி, 1885 இல் முடித்தார்கள். மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் கொழும்புக்கும் இடையில் வீதியும் இருந்தது, கண்டிவரை ரயிலும் ஏற்கெனவே இருந்தது. இந்தத் தீவின் முதன்மைத் துறைமுகமாகக் கொழும்பு மாறிவிட்டது. எங்கள் ஊருக்கு ரயில் வந்தது 1927 இல்.

இயற்கை கொடுத்த துறைமுகம் காத்திருந்தது. கையால் கட்டிய துறைமுகம் வேலை செய்தது. இதில் எங்கள் துறைமுகத்தின் குற்றம் ஒன்றுமில்லை. ஆழம் இருந்தது, அதற்கு வேண்டிய பாதையும் இறங்குதுறையும் வந்துசேரவில்லை. 'அடுத்த வருசம் ஹாபர் பெரிசாகும்' என்ற கதையை எங்கள் அப்பாமாரும் கேட்டார்கள், நாங்களும் கேட்கிறோம். சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்க் குதங்களில் மிகப் பல, பல பத்தாண்டுகளாகச் சும்மா நின்றதை பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வோம்.

திறமை என்பதும் ஆழம் போன்றதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு அது குறைவில்லை. ஒரு பெரிய கப்பல் தானாக வந்து 'நீ ஆழமான பிள்ளை' என்று கண்டுபிடிக்கும் என்று இருக்கக்கூடாது. கொழும்பில் இறக்கிய கற்கள் போல ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை இறக்க வேண்டும்.

அந்தக் கற்கள் எவை என்று வெளிப்படையாகவே சொல்கிறோம், ஏனென்றால் பொதுவாகப் பேசுவதால் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். முதல் தடவை வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் அத்துடன் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுகிறோம். எங்களில் ஒருவர் இரண்டாவது தடவையில்தான் மருத்துவபீடத்துக்குத் தெரிவானார். இன்று அவருடைய நோயாளிகள் எவரும் 'எத்தனையாவது தடவை' என்று கேட்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கருதப்படும் 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலையும் அந்த 16 இல் ஒன்று. இதை அறியாமல், 'எங்களுக்கு எங்கே கிடைக்கும்' என்று விண்ணப்பப் படிவத்தில் தாங்களாகவே சிறிய துறைகளை முதலில் எழுதிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விருப்ப வரிசையில் உண்மையான விருப்பத்தை முதலில் எழுதுங்கள். இல்லை என்று சொல்வது ஆணைக்குழுவின் வேலை. அந்த வேலையை அவர்களுக்காக நீங்கள் செய்து கொடுக்க வேண்டாம்.

மருத்துவம் மட்டும்தான் பெரிய இலட்சியம் என்றும் நாங்கள் சொல்லவரவில்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த எங்களுக்கு, அந்தக் கப்பலை உள்ளே கொண்டுவருபவர் யார், அதன் இயந்திரத்தைத் திருத்துபவர் யார், அது கொண்டுவரும் சரக்குக்கு ஒப்பந்தம் எழுதுபவர் யார் என்று எவரும் சொல்லித்தரவில்லை. அவை ஆண்களின் வேலைகள் என்று கேளாமலே முடிவு செய்திருந்தோம். கடல் பொறியியல், கப்பற் போக்குவரத்து, கடல்சார் சட்டம் என்ற சொற்களை எங்கள் பிள்ளைகளின் காதில் போடவேண்டும்.

வைத்தியர்களிடையேயும் இந்தக் காத்திருப்பு உண்டு. இலங்கையின் மருத்துவபீடங்களில் இன்று பெண்கள்தான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறார்கள். ஆனால் சத்திரசிகிச்சை போன்ற துறைகளில் விசேட வைத்திய நிபுணர்களான பெண்கள் இன்னும் குறைவு. எங்களில் ஒருவர் சத்திரசிகிச்சையில் பயிற்சி கேட்டபோது, மூத்தவர் ஒருவர் "குடும்பப் பெண்ணுக்கு இந்த இரா வேலை ஒத்துவராது, தோல் வைத்தியம் படியுங்கோ" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அவளும் பதிலுக்கு விவாதம் செய்யவில்லை. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சைக்கான முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்துவைத்தாள். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். அவளுக்கு எந்த இரவிலும் எந்தக் குரலும் கேட்கவில்லை. திகதி வந்தது, போனாள்.

எங்கள் வகுப்பில் இன்னொருத்தி. உயர்தரம் முடிந்தவுடன் கலியாணம், மூன்று பிள்ளைகள். 39 வயதில் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். "என்னடி திடீரென்று?" என்று எல்லோரும் கேட்டோம். புருஷனோடு பிரச்சினையா, காணி வழக்கா என்று ஆளுக்கொரு காரணம் தேடினோம். "ஒண்டும் நடக்கேல்லை. பள்ளிக்கூடத்திலை இருந்தே எனக்குச் சட்டம் விருப்பம். படிவத்துக்குக் காசு இருந்தது, கட்டினன்" என்றாள். ஒரு பெண் பெரிய காரணம் எதுவும் இல்லாமல் தன் விருப்பத்துக்காக ஒன்றைச் செய்தால் எங்களுக்கே நம்ப முடியவில்லை, பாருங்கள். ஆண் பிள்ளை பொறியியலாளனாக வரவேண்டும் என்றால் காரணம் கேட்பதில்லை. பெண் பிள்ளை கேட்டால், துயரமோ தியாகமோ ஒன்று பின்னால் இருக்க வேண்டும் என்கிறோம். இலட்சியத்துக்கு அனுமதிச் சீட்டாக ஒரு கண்ணீர்க் கதையைக் கேட்கிறோம். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

வைத்தியர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். பெரிய நிகழ்வு மனிதரை மாற்றும் என்ற நம்பிக்கை ஆஸ்பத்திரி வாட்டில் அவ்வளவாக நிலைப்பதில்லை. மாரடைப்பு வந்து தப்பியவர், "இனி சிகரெட்டைத் தொடமாட்டன்" என்று சத்தியம் செய்வார். அந்த நேரத்தில் அது முழு உண்மை. பலர் சில மாதங்களில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். பயம் ஆறிவிடும். மாறியவர்கள் யாரென்று பார்த்தால், தினமும் பின்னேரம் நடக்க ஒரு துணை வைத்திருந்தவர்கள், கிளினிக் திகதியைத் தவறவிடாதவர்கள். நிகழ்வு தருவது ஒரு தள்ளுதல் மட்டுமே. நடப்பது காலின் வேலை.

அதற்கு மறுபுறம் எங்கள் வெல் வுமன் கிளினிக்குகள். 1996 முதல் இந்த நாட்டில் நடக்கின்றன. 35 வயதான பெண்கள் எந்த வருத்தமும் இல்லாமல் வந்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். 'எனக்கு ஒண்டும் இல்லையே, ஏன் வரவேணும்' என்பதுதான் பெண்கள் வழமையாகக் கேட்பது. ஒன்றும் இல்லாதபோது வருவதற்காகத்தான் அந்தக் கிளினிக். ஏதாவது நடந்த பிறகு வந்தால் எங்களால் செய்யக்கூடியது குறைந்துவிடுகிறது. உடலுக்குச் சொல்லும் இந்தப் புத்திமதியை வாழ்க்கைக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறோம். வருத்தம் வருமுன் வாருங்கள். ஏதாவது நடக்குமுன் விண்ணப்பியுங்கள்.

துணிவு என்றால் வீட்டை உதறிவிட்டுப் போவதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களில் எவரும் தனியாக வரவில்லை. சங்கிலியை அடகு வைத்த அம்மா, சோதனைச் சாவடியில் எங்களுக்காகக் காத்து நின்ற அப்பா, பரீட்சைக்கு முதல்நாள் தன் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்ட ரீச்சர், தன் பழைய புத்தகங்களைக் கட்டித் தந்த மேல்வகுப்பு அக்கா. அவர்கள் எங்களுக்கு உத்வேகப் பேச்சு எதுவும் பேசவில்லை. காசு, இடம், புத்தகம் தந்தார்கள். அந்த அக்காமார் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

ஆகவே சங்கத்திடம் எங்களுடைய வேண்டுகோளும் அதே வகையானது. நூற்றாண்டு நினைவாகச் சிலையும் வளைவும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதோடு கூட, பாடசாலை வாசலில் ஒரு பலகை வையுங்கள். பல்கலைக்கழக அனுமதி, தாதியர் பயிற்சி, ஆசிரிய கலாசாலை, நிர்வாக சேவைப் பரீட்சை, திறந்த பல்கலைக்கழகம், தொழில்நுட்பக் கல்லூரி, வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்று ஒவ்வொன்றின் முடிவுத் திகதியையும் அதில் எழுதுங்கள். பல பரீட்சைகளுக்கு வயதெல்லை உண்டு, அதையும் எழுதுங்கள். உயர்தரம் எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய மாணவியைத் தொலைபேசித் துணையாகக் கொடுங்கள். கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை தங்குவதற்கு, அங்குள்ள எங்கள் வீடுகளில் ஓர் அறை எப்போதும் இருக்கட்டும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் பிள்ளைகளை மறக்க வேண்டாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதை இலகுவாகிவிட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கைகொடுக்க ஆள் வேண்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். வெறுமையான அந்தக் கதிரைகள் உங்களுடையவை. நீங்கள் போன இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினீர்கள். தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டு கணக்கியல் படித்தவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு தாதியர் படிப்பு முடித்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் காசு அனுப்புகிறீர்கள், நன்றி. அதோடு உங்கள் கதையையும் அனுப்புங்கள். அழுத பகுதியை மட்டும் அனுப்ப வேண்டாம். எந்த மாதம் எந்தப் படிவத்தை நிரப்பினீர்கள், யார் கையொப்பம் வைத்தார்கள், எத்தனை தரம் இல்லை என்றார்கள் என்ற பகுதிதான் இங்குள்ள பிள்ளைக்கு உதவும்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்கள் வாழ்க்கையில் இதுவரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றால், அது குறையல்ல. உங்கள் அம்மம்மாவும் அம்மாவும் நாங்களும் எத்தனையோ வருடம் கோணேசரிடமும் காளியிடமும் அந்தோனியாரிடமும் கேட்டது அதைத்தான்: இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்று. குண்டுச் சத்தம் இல்லாமல் நீங்கள் படித்து முடிக்கும் இந்த அமைதியான, சாதாரணமான நாட்களுக்காக இந்த ஊர் நிறையக் கொடுத்திருக்கிறது. இன்னொரு நிகழ்வுக்காகக் காத்திருந்து அதை வீணாக்க வேண்டாம். உங்களுக்கு என்ன பிடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குரிய படிவம் எங்கே கிடைக்கும் என்று இந்தக் கிழமைக்குள் யாரிடமாவது கேளுங்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால், விழா முடிந்ததும் வாசலில் எங்களைப் பிடியுங்கள். தேநீர் குடிக்கும்வரை நாங்கள் இங்கேதான் நிற்போம்.